கணினி அறைக் குளிரூட்டல்: கையெழுத்திடும் முன் சோதனை வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருத்துவமனை, வங்கி, கல்லூரி, அரசு அலுவலகம் என எதை எடுத்துக்கொண்டாலும், இன்று அதன் அன்றாடப் பணி ஏதோ ஒரு பூட்டிய அறைக்குள் இருக்கும் சர்வர்களை நம்பியே நடக்கிறது. அந்தச் சர்வர்களை வாங்குவதற்குக் குழு அமைக்கிறார்கள், விலைப்புள்ளிகளை ஒப்பிடுகிறார்கள், மாதக்கணக்கில் ஆலோசிக்கிறார்கள். அவற்றைக் காக்கும் குளிரூட்டும் கருவியை நிறுவும் வேலையோ, கட்டட வேலை முடிந்து திறப்பு விழாவுக்கும் நாள் குறித்த பிறகு, எஞ்சியிருக்கும் சில நாள்களுக்குள் திணிக்கப்படுகிறது. கணினி அறைகளுக்கென்றே வடிவமைக்கப்பட்ட பிரிசிஷன் ஏசி கருவிகளை நிறுவும் துறையில் பல ஆண்டுகளாகப் பணிபுரிபவன் என்ற முறையில், இந்தப் பழக்கம் மாற வேண்டும் என்று வலியுறுத்தவே இக்கடிதத்தை எழுதுகிறேன். தரமான கருவியும் தவறாக நிறுவப்பட்டால் பயன் தராது. ஆகவே, முழு வெப்பச் சுமையில் ஓட்டிப் பார்க்காமல் எந்த அலுவலகமும் அதை ஏற்றுக்கொண்டதாகக் கையெழுத்திடக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

சாதாரண ஏசி மனிதர்களுக்காக வடிவமைக்கப்பட்டது. மனித உடல் வெப்பத்தோடு ஈரத்தையும் வெளியிடுகிறது. கதவு திறந்து மூடும்போது வெளிக்காற்றின் ஈரமும் உள்ளே வருகிறது. அதனால் அத்தகைய கருவியின் திறனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, காற்றிலுள்ள ஈரத்தை நீராக்கி வெளியேற்றவே செலவாகிவிடும். சர்வர் வெளியிடுவது உலர்ந்த வெப்பம் மட்டுமே. பிரிசிஷன் ஏசி தன் திறனில் 90 விழுக்காட்டுக்கும் மேல் காற்றின் வெப்பநிலையைக் குறைப்பதற்கே செலவிடும்படி அமைக்கப்படுகிறது. ஒரு டன் திறனுக்குச் சாதாரண ஏசி நிமிடத்துக்கு ஏறத்தாழ 400 கன அடிக் காற்றைச் செலுத்தினால், பிரிசிஷன் ஏசி 500 கன அடிக்கு மேல் செலுத்தும். ஆண்டின் 8,760 மணி நேரமும் நிற்காமல் ஓடுவதற்கு ஏற்றவாறு அதன் கம்ப்ரசரும் விசிறியும் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. இவ்வளவு வேறுபாடு இருந்தும், செலவைக் குறைப்பதாக எண்ணி ஸ்பிளிட் ஏசியை மாட்டும் அறைகள் இன்னும் இருக்கின்றன. அது அறையை அளவுக்கு மீறி உலர்த்துகிறது. வெளியே குளிர் மிகுந்த இரவுகளில் அதன் காயிலில் பனி படிந்து காற்றோட்டம் அடைபடுகிறது. மின்சாரம் போய் வந்த பிறகு ரிமோட்டை அழுத்தினால்தான் மீண்டும் ஓடும் கருவிகளும் உண்டு. நள்ளிரவில் அந்த ரிமோட்டை அழுத்த அங்கே எவரும் இருப்பதில்லை.

எவ்வளவு குளிரூட்டல் தேவை என்ற கணக்கில் மறைபொருள் ஏதும் இல்லை. சர்வர் எடுத்துக்கொள்ளும் மின்சாரம் முழுவதும் இறுதியில் வெப்பமாகவே அறைக்குள் வந்து சேர்கிறது. 10 கிலோவாட் மின்சாரம் எடுக்கும் ரேக்குகள் (சர்வர்களை அடுக்கி வைக்கும் அலமாரிகள்) 10 கிலோவாட் வெப்பத்தைத் தரும்; ஒரு டன் என்பது ஏறத்தாழ 3.5 கிலோவாட் என்பதால், அதற்குக் கிட்டத்தட்ட 3 டன் திறன் வேண்டும். ரேக்கின் முன்புறம் நுழையும் காற்றுக்கும் பின்புறம் வெளியேறும் காற்றுக்கும் 10 டிகிரி வேறுபாடு இருப்பதாகக் கொண்டால், விநாடிக்கு ஏறத்தாழ 0.83 கன மீட்டர் காற்று அந்த ரேக்குகளின் ஊடே சென்றாக வேண்டும். டன் கணக்கை எல்லோரும் கேட்கிறார்கள்; இந்தக் காற்றின் கணக்கைக் கேட்பவர்கள் மிகக் குறைவு. யுபிஎஸ், விளக்குகள், வெயில் படும் சுவர் ஆகியவற்றின் வெப்பத்தையும் இதோடு கூட்ட வேண்டும்.

வெப்பநிலையைப் பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது. அறைக்குள் நுழைந்ததும் உடல் நடுங்கினால் கருவி நன்றாக வேலை செய்கிறது என்று நிர்வாகிகள் மகிழ்கிறார்கள். குளிரூட்டல் பொறியாளர்களின் அமைப்பான ஆஷ்ரே பரிந்துரைக்கும் எல்லை 18 முதல் 27 டிகிரி செல்சியஸ் வரை. அதைவிட முக்கியமானது, அந்த எல்லை எந்த இடத்துக்கு உரியது என்பது. சர்வர் காற்றை உறிஞ்சும் முன்புற வாயிலில்தான் அதை அளக்க வேண்டும். அறையின் நடுவே தொங்கும் வெப்பமானியோ, ஏசிக்குள் திரும்பி வரும் காற்றை அளக்கும் சென்சாரோ இதற்கு மாற்று ஆகாது. திரும்பும் காற்று 22 டிகிரி என்று திரையில் காட்டிக்கொண்டிருக்கும்போதே, ரேக்கின் உச்சியில் இருக்கும் சர்வர் 32 டிகிரிக் காற்றை உறிஞ்சிக்கொண்டிருக்கலாம். அறை முழுவதையும் 16 டிகிரிக்குக் கொண்டுபோவதால் இந்தக் குறை தீராது, மின்கட்டணம்தான் ஏறும்.

இந்த ஏற்றத்தாழ்வுக்குப் பெரும்பாலும் காரணம் காற்று செல்லும் பாதை. நிறுவும் பணியில் அதிகக் கவனம் வேண்டியதும், அதிகமாகப் புறக்கணிக்கப்படுவதும் இதுவே என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். ரேக்குகளை ஒன்றன் முகம் மற்றொன்றின் முகத்தைப் பார்க்கும்படி வரிசையாக வைத்தால், முகங்களுக்கு இடையே குளிர்ந்த காற்றுக்கு ஒரு பாதையும், முதுகுகளுக்கு இடையே சூடான காற்றுக்கு ஒரு பாதையும் உருவாகும். அந்த இரண்டும் கலக்காமல் காப்பதே காற்றோட்டத்தின் அடிப்படை. ஆனால் எல்லா ரேக்குகளையும் பள்ளி வகுப்பறை பெஞ்சுகளைப் போல ஒரே திசை நோக்கி அடுக்கிவிட்டு, பின்னால் இருக்கும் ரேக்குக்கு மட்டும் ஏன் சூடு ஏறுகிறது என்று எங்களிடம் கேட்கிறார்கள். முன்வரிசை கக்கும் சூடான காற்றைத்தான் பின்வரிசை உறிஞ்சுகிறது. ரேக்கில் சர்வர் இல்லாத இடைவெளிகளை மறைக்கும் தகடுகளை மாட்டாமல் விடுவதும் இதே கேட்டைச் செய்கிறது. பின்புறச் சூடு அந்த இடைவெளி வழியாக முன்புறம் திரும்பி வந்து, மீண்டும் உள்ளே போகிறது. அந்தத் தகடுகள் மிக மலிவானவை, மாட்டுவதற்கும் நேரம் ஆகாது; ஆனாலும் அவற்றை வாங்குமாறு எழுதிக் கொடுத்தால், தேவையற்ற செலவு என்று முதலில் அடிக்கப்படுவது அந்த வரிதான்.

தளத்தை உயர்த்தி, அதன் அடியில் குளிர்ந்த காற்றைச் செலுத்தும் அறைகளில் இன்னும் எச்சரிக்கை தேவை. கேபிள்களுக்காக வெட்டிய துளைகளைத் தூரிகை விளிம்பு கொண்ட மூடிகளால் அடைக்காவிட்டால், ரேக்கின் முன்னே எழ வேண்டிய காற்று அதன் பின்னே வீணாக எழுந்துவிடும். கேபிள் கட்டுகளையும் குழாய்களையும் தளத்தின் அடியில் குறுக்கே போட்டால், அணை கட்டியதற்குச் சமம். காற்று மேலே எழுவதற்கான துளையிட்ட தள ஓடுகளை ஏசிக்கு மிக அருகில் பதிப்பதும் பிழை. விசிறியிலிருந்து வெளியேறும் காற்று அங்கே மிகுந்த வேகத்தில் கிடைமட்டமாகப் பாய்வதால் அழுத்தம் குறைந்திருக்கும். காற்று மேலே எழாமல், சில வேளைகளில் அறைக்காற்றே அந்தத் துளைகள் வழியாகக் கீழே இழுக்கப்படும். அதனால்தான் ஏசியைச் சூடான பாதையின் முனையில் நிறுத்தி, துளையிட்ட ஓடுகளைக் குளிர்ந்த பாதையில் மட்டும், கருவியிலிருந்து போதிய தொலைவு விட்டுப் பதிக்கிறோம். கருவியின் எடை பல நூறு கிலோ என்பதால், அதை உயர்த்திய தளத்தின் ஓடுகள் மீது வைக்காமல், கீழ்த்தளத்திலிருந்து எழுப்பிய தனித் தாங்கியின் மீது நிறுத்த வேண்டும் என்பதையும் இங்கேயே குறிப்பிட்டுவிடுகிறேன்.

அறையின் சுவரும் கூரையும் கதவும் குளிரூட்டல் வேலையைச் சேர்ந்தவையே. பொய்க்கூரைக்கு மேலே சுவர் முழுமையாக எழுப்பப்படாமல் பக்கத்து அறையோடு திறந்து கிடந்தாலும், கேபிள் நுழையும் துளைகள் அடைக்கப்படாமல் இருந்தாலும், ஈரம் தடையின்றி உள்ளே வந்துகொண்டே இருக்கும், அல்லது உலர்ந்த பருவத்தில் வெளியேறிக்கொண்டே இருக்கும். ஈரம் மிகக் குறைந்தால் நிலைமின்னூட்டம் உருவாகி நுண்ணிய மின்சுற்றுகளைத் தாக்கும். மிகக் கூடினால் உலோகப் பகுதிகள் அரிக்கும். இந்த இரண்டையும் தடுக்கத்தான் பிரிசிஷன் ஏசிக்குள் ஈரத்தைக் கூட்டும் பகுதியும் குறைக்கும் ஏற்பாடும் உள்ளன. ஒரே அறையில் இரண்டு கருவிகளை நிறுவி, அவற்றின் சென்சார்களை ஒத்துப்பார்க்காமல் விட்டால், ஒன்று நீரைக் கொதிக்கவைத்து ஆவியைக் காற்றில் கலக்கும். மற்றொன்று அதே ஆவியைக் குளிர்வித்து நீராக்கி வெளியேற்றும். ஒரு கிலோ நீரைச் சூடாக்கி ஆவியாக்க ஏறத்தாழ 0.7 யூனிட் மின்சாரம் வேண்டும்; அந்த ஆவியை மீண்டும் நீராக்குவதற்கும் கம்ப்ரசர் உழைக்க வேண்டும். இப்படி ஒன்றோடொன்று போரிடும் கருவிகளை மாதக்கணக்கில் எவரும் கவனிக்காமல் இருந்த அறைகளை நான் பார்த்திருக்கிறேன். கருவிகள் ஒன்றுக்கொன்று தகவல் பரிமாறும்படி இணைத்து, பனிநிலையை (காற்றின் ஈரம் நீராக மாறத் தொடங்கும் வெப்பநிலையை) அடிப்படையாகக் கொண்டு ஈரத்தைக் கட்டுப்படுத்தினாலே இந்த வீண் செலவைத் தவிர்க்கலாம்.

இனி, கண்ணுக்குத் தெரியாத ஒரு கைவேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். உள்ளே இருக்கும் கருவியையும் வெப்பத்தை வெளிக்காற்றில் விடும் கண்டன்சரையும் இணைக்கும் செப்புக் குழாய்களைப் பற்றவைக்கும்போது, குழாயின் உள்ளே நைட்ரஜன் வாயு மெல்ல ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தச் சூட்டில் குழாயின் உட்புறம் ஆக்சைடு கரிய செதில்களாகப் படியும். பின்னர் அது உதிர்ந்து விரிவு வால்வையும் வடிகட்டியையும் அடைக்கும். பற்றவைத்த பின் நைட்ரஜனை அழுத்தி நிரப்பிக் கசிவு உண்டா என்று பார்க்க வேண்டும். அதன்பின் வேக்குவம் பம்ப் கொண்டு குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி, உள்ளே எஞ்சும் அழுத்தத்தை 500 மைக்ரானுக்கு (வெற்றிடத்தை அளக்கும் அலகு) கீழே கொண்டுவந்து, பம்ப்பை நிறுத்திய பிறகும் அந்த அளவு ஏறாமல் நிற்கிறதா என்று காத்திருந்து பார்க்க வேண்டும். இன்றைய குளிர்பொருள்கள் பலவற்றோடு பயன்படும் எண்ணெய் ஈரத்தை எளிதில் ஈர்க்கும் தன்மை உடையது. உள்ளே தங்கிய ஈரம் அதோடு கலந்து அமிலமாகி, கம்ப்ரசரின் மின்சுருளை அரிக்கும். கண்டன்சர் மாடியில் இருந்தால், உயரே செல்லும் குழாயில் எண்ணெய் தங்கி மேலேற இடைவெளி விட்டு வளைவுகள் அமைக்க வேண்டும். இவற்றில் ஒன்றைக்கூட ஒப்படைக்கும் நாளன்று பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. குறை வெளிப்படச் சில மாதங்கள் ஆகும். அதற்குள் அந்த வேலையைச் செய்தவர் வேறு இடத்துக்குப் போயிருப்பார். இதை ஒழுங்காகச் செய்யும் தொழிலாளர்களைப் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். நைட்ரஜன் உருளை வந்து சேரும் வரை பற்றவைக்க மாட்டேன் என்று நிற்பவர்கள் அவர்கள். அவர்களை மெதுவாக வேலை செய்பவர்கள் என்று கடிந்துகொள்ளும் மேற்பார்வையாளர்கள், அந்தக் காத்திருப்பால் தங்கள் அறை எதிலிருந்து காப்பாற்றப்படுகிறது என்பதை அறிய வேண்டும்.

கருவியிலிருந்து நீரை வெளியேற்றும் குழாய்க்குச் சீரான சரிவும், முறையான வளைவுத் தடுப்பும் வேண்டும். ஈரமூட்டும் பகுதி கொதிநீரை வெளியேற்றும் என்பதால், அங்கே சூடு தாங்காத பிளாஸ்டிக் குழாயைப் போட்டால் அது நெளிந்து இணைப்பு விட்டுப்போகும். எந்த நீர்க்குழாயும் ரேக்குகளுக்கு மேலே செல்லக் கூடாது. கருவியைச் சுற்றித் தரையில் கசிவைக் கண்டறியும் சென்சார் கயிறும் வேண்டும்.

வெளியே வைக்கும் கண்டன்சரின் நிலை இன்னும் பரிதாபம். இடம் இல்லை என்று பல கண்டன்சர்களை நெருக்கி அடுக்கி, நான்கு புறமும் சுவர் எழுப்பி, அழகுக்காக மேலே ஒரு கூரையும் போட்டுவிடுகிறார்கள். ஒன்று வெளியேற்றும் அனல் காற்றை அடுத்தது உறிஞ்சும்போது, ஊரின் வெப்பநிலை எதுவாக இருந்தாலும், கண்டன்சர் உணரும் வெப்பநிலை அதைவிடப் பல டிகிரி கூடுதலாகவே இருக்கும். உச்ச வெயிலில் அழுத்தம் எல்லை மீறி, கம்ப்ரசர் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடும். குளிரூட்டல் மிகவும் தேவைப்படும் வேளையில்தான் அது நிற்கிறது. 2022 ஜூலை 19 அன்று இங்கிலாந்தில் வெப்பநிலை முதன்முறையாக 40 டிகிரியைக் கடந்தபோது, லண்டனின் கைஸ், செயின்ட் தாமஸ் மருத்துவமனைகளுக்கான இரண்டு தரவு மையங்களும் அதே நாளில் செயலிழந்தன. ஒன்று போனால் மற்றொன்று தாங்கும் என்ற ஏற்பாடு, இரண்டையும் ஒரே வெயில் தாக்கியபோது பயன் தரவில்லை. மருத்துவர்கள் காகிதக் குறிப்புகளுக்குத் திரும்ப நேர்ந்தது. எல்லாவற்றையும் சீராக்க வாரங்கள் ஆயின.

ஆகவே, உபரியாக ஒரு கருவி இருக்கிறது என்பதோடு அமைதி அடைந்துவிட முடியாது. இரண்டு ஏசிகளுக்கும் ஒரே மின்பலகையிலிருந்து இணைப்புக் கொடுத்திருந்தால், அந்தப் பலகையின் ஒரு சுவிட்ச் விழும்போது இரண்டும் நிற்கும். சர்வர்கள் யுபிஎஸ்ஸின் துணையால் ஓடிக்கொண்டே இருக்கும். ஜெனரேட்டர் உயிர்பெற்ற பிறகும் கம்ப்ரசர் தன் பாதுகாப்புக்காகச் சில நிமிடங்கள் காத்திருந்துதான் தொடங்கும். ரேக்குகள் நெருக்கமாக நிறைந்த அறையில் அந்தச் சில நிமிடங்களுக்குள்ளேயே வெப்பம் ஆபத்தான அளவுக்கு ஏறிவிடும். விசிறிகளை மட்டுமாவது யுபிஎஸ்ஸோடு இணைத்து, ஜெனரேட்டர் வந்ததும் கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடங்கும்படி நேரம் அமைப்பது நிறுவும் பணியின் பகுதியே. விசிறியைப் பற்றி இன்னொன்று: வேகத்தை மாற்றக்கூடிய விசிறிகள் இருந்தால், உபரிக் கருவியைச் சும்மா நிறுத்தி வைப்பதைவிட எல்லாவற்றையும் குறைந்த வேகத்தில் ஓட்டுவது நல்லது. வேகத்தை 80 விழுக்காடாகக் குறைத்தால், விசிறி எடுக்கும் மின்சாரம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். தீ எச்சரிக்கை ஒலித்து, தீயணைப்பு வாயு வெளிவரும்போது ஏசி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதையும் தீயணைப்பு ஏற்பாட்டைச் செய்பவரோடு சேர்ந்து முன்கூட்டியே முடிவு செய்து, இணைத்துச் சோதிக்க வேண்டும்.

நான் வற்புறுத்தும் சோதனைக்கு வருகிறேன். புதிய அறை ஒப்படைக்கப்படும் நாளில் சர்வர்கள் பெரும்பாலும் வந்திருக்காது; காலி அறையைக் குளிர்விக்க எந்தக் கருவியாலும் முடியும். திட்டமிட்ட சுமைக்கு ஈடான வெப்பத்தைத் தரும் ஹீட்டர்களை ரேக்குகளின் இடத்தில் வைத்து, கருவிகளைக் குறைந்தது ஒரு முழுநாள் ஓட்ட வேண்டும். ஒவ்வொரு ரேக்கின் முன்புறமும் கீழ், நடு, மேல் ஆகிய மூன்று உயரங்களில் வெப்பநிலையைக் குறிக்க வேண்டும். அந்தச் சுமை இருக்கும்போதே ஒரு கருவியை நிறுத்தி, மற்றவை தாங்குகின்றனவா என்று பார்க்க வேண்டும். பின்னர் பிரதான மின்சாரத்தைத் துண்டித்து, ஜெனரேட்டர் வந்து, கம்ப்ரசர் தொடங்கி, வெப்பநிலை பழைய நிலைக்கு இறங்கும் வரை எவ்வளவு ஏறியது என்று எழுதி வைக்க வேண்டும். கசிவுச் சென்சாரின் மீது நீரை ஊற்றி, எச்சரிக்கை மணி ஒலிப்பதோடு, பொறுப்பாளரின் கைப்பேசிக்கும் செய்தி போகிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கு வாடகை ஹீட்டர்களும் கூடுதல் நாள்களும் தேவை. ஒப்பந்தத்தில் இதற்கென்று நாளும் தொகையும் ஒதுக்காத வரை, எவ்வளவு நேர்மையான ஒப்பந்தக்காரராலும் இதைச் செய்துகாட்ட முடியாது. அவருக்கு மேலே குறைந்த விலை என்ற ஒரே அளவுகோல்தான் நிற்கிறது.

ஓடிக்கொண்டிருக்கும் அறையில் செய்யும் மாற்றங்களுக்கும் இதே கண்டிப்பு வேண்டும். 2023 அக்டோபர் 14 அன்று சிங்கப்பூரில் ஒரு தரவு மையத்தில் குளிரூட்டும் அமைப்பை மேம்படுத்தும் திட்டமிட்ட பணி நடந்தபோது, குளிர்நீர்த் தொட்டிகளின் வால்வுகளை மூடும் கட்டளை ஒப்பந்தப் பணியாளரால் தவறுதலாக அனுப்பப்பட்டது. வெப்பநிலை ஏறியது, டிபிஎஸ், சிட்டி ஆகிய இரு வங்கிகளின் சேவைகள் முடங்கின, ஏறத்தாழ 25 லட்சம் பணப் பரிமாற்றங்களும் ஏடிஎம் பரிமாற்றங்களும் நிறைவேறாமல் போயின. அங்கே கருவிகளின் தரத்தில் குறை இருந்ததாக எவரும் சொல்லவில்லை. ஒவ்வொரு படியையும் எழுதி வைத்து, இருவர் சரிபார்த்த பின்னரே அடுத்த படிக்குச் செல்லும் ஒழுங்கு இத்தகைய வேலைகளில் ஏன் வேண்டும் என்பதை அந்த நிகழ்வு தெளிவாகக் காட்டுகிறது.

சோதனையின் அளவீடுகள், குழாய்களின் வரைபடம், அழுத்தப் பரிசோதனையின் பதிவு, ஃபில்டரும் ஈரமூட்டும் உருளையும் மாற்ற வேண்டிய கால அட்டவணை ஆகியவை அந்த அறையிலேயே, அங்கே பணிபுரிபவர் படித்துப் புரிந்துகொள்ளும் மொழியில் இருக்க வேண்டும். ஏற்பு ஆவணத்தில் கையெழுத்திடுபவர், கொள்முதல் பிரிவின் அதிகாரியாக மட்டும் இல்லாமல், நாளை அந்த அறையைப் பொறுப்பேற்று நடத்தப்போகிறவராகவும் இருக்க வேண்டும். சோதனையின்போது அவர் நேரில் நின்று அளவீடுகளைத் தானே பார்த்திருக்க வேண்டும். கணினி அறை அமைக்கவிருக்கும் நிர்வாகிகள், ஒப்பந்தப் படிவம் அச்சுக்குப் போவதற்கு முன்பே இந்தச் சோதனைக்கான நாள்களையும் செலவையும் அதில் தனி இனமாகச் சேர்க்குமாறு தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாசகர்,
குளிரூட்டல் துறைப் பொறியாளர்